பட்டணத்தில் ஒரு நல்ல மிதிவண்டிக் கடை

முன்னுரை

சட்டைத் துணி எடுப்பதற்கு நான்கு கடைகள் ஏறி இறங்குகிறோம். மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். ஆனால், நம் பிள்ளையைச் சுமந்துகொண்டு சாலையில் ஓடப் போகும் மிதிவண்டியை மட்டும், வழியில் தென்பட்ட முதற் கடையில் விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். "சைக்கிள்தானே!" என்பது நம் எண்ணம். அந்தச் சைக்கிளின் பிரேக் கம்பி ஒரு மழை நாளில், ஓர் இறக்கத்தில் அறுந்து போகுமானால் என்ன ஆகும் என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தால், அதைப் பழுது பார்ப்பவர் யார் என்பது சிறு செய்தி அன்று என்பது விளங்கும்.

கோலாலம்பூர் போன்ற பெருநகரில் நம்பத்தக்க மிதிவண்டிக் கடை ஒன்றைக் கண்டறிவது எப்படி என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம். மாணவர்களுக்கும் பெற்றோர்க்கும் இது ஒருங்கே பயன்படும்.

தோட்டமும் பட்டணமும்

தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் பெரியோர்க்கு இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. அருகிலிருந்த சிறு பட்டணத்தில் பெரும்பாலும் ஒரு கடைதான் இருக்கும். கடைக்காரருக்கு நம் பாட்டனாரையும் தெரியும். அவர் எந்தத் தோட்டத்தில் எந்த லயத்தில் குடியிருக்கிறார் என்பதும் தெரியும். சம்பளம் போட்ட பின்பு பணம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். ஒருவரை ஏமாற்றினால் மறுநாள் காலைப் பிரட்டில் அச்செய்தி தோட்டம் முழுவதும் பரவிவிடும் என்பதை அவர் அறிவார். ஆகவே, அங்கே ஊரே அவர் நேர்மைக்குக் காவலாக இருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் போன காலத்தில் நம் குடும்பங்கள் பல பட்டணத்திற்குக் குடிபெயர்ந்தன. செந்தூலிலோ, செராசிலோ, கெப்போங்கிலோ அடுக்குமாடி வீட்டில் வாழ்பவருக்குக் கடைகள் பல உண்டு. ஆனால் பழக்கம் இல்லை. கடைக்காரர் நம்மை அறியார். நாம் அவரை அறியோம். தோட்டத்தில் ஊர் செய்த காவலை, பட்டணத்தில் நம் அறிவே செய்ய வேண்டியிருக்கிறது.

நமக்கும் மிதிவண்டிக்கும் உள்ள தொடர்பு

கடையைத் தேடுவதற்கு முன், நம் இனத்தார்க்கும் இவ்வண்டிக்கும் உள்ள நெருங்கிய தொடர்பைச் சிறிது காண்போம்.

1817-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் டிரைஸ் என்பவர், காலால் தரையை உந்தி ஓட்டும் இரு சக்கர வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதில் மிதி இல்லை, சங்கிலியும் இல்லை. பின்னர்ப் பலர் கையில் அது வளர்ந்தது. 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறக்குறைய ஒத்த அளவுள்ள இரு சக்கரங்களும், பின் சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் கொண்ட வண்டியை உருவாக்கினார். இன்று நாம் ஓட்டும் வண்டி அதன் வழித்தோன்றலே.

ஆயினும் அவ்வண்டியின் சக்கரங்களில் கெட்டி இரப்பரே பொருத்தப்பட்டிருந்தது. கல்லும் குழியும் உடலைக் குலுக்கின. 1888-ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் முச்சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். அதன் பின் உலகில் இரப்பரின் தேவை பெருகியது. முதலில் மிதிவண்டிக்கும், அடுத்து மோட்டார் வண்டிக்கும் டயர் செய்ய இரப்பர் வேண்டியிருந்தது. மலாயாவில் 1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் மலாக்காவில் வாணிக நோக்குடன் இரப்பர் பயிரிடத் தொடங்கினார். தொடர்ந்து தோட்டங்கள் பெருகின. அவற்றில் பால்மரம் சீவத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கப்பலேறி வந்தனர்.

இக்காலத்து டியூப்புகள் பெரும்பாலும் செயற்கை இரப்பரால் செய்யப்படுகின்றன. ஆயினும் டயரில் இயற்கை இரப்பர் இன்றும் கலக்கப்படுகிறது. உலகின் சக்கரங்கள் உருள நம் பாட்டனாரும் பாட்டியாரும் விடியற்காலையில் கத்தியும் வாளியும் ஏந்தி நடந்தார்கள் என்பதை நாம் மறத்தல் ஆகாது. அவர்கள் வழிவந்த நாம், அந்த டயரைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கேனும் அறிவு பெற வேண்டாமா?

சிறு வேலையால் பெரிய மனிதரை அறிதல்

புதிய கடையொன்றைச் சோதிக்கப் புது வண்டி வாங்கத் தேவையில்லை. பஞ்சர் ஒட்டும் சிறு வேலையே போதும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது போல, அந்த ஒரு வேலையில் கடைக்காரரின் தொழிலறிவும் குணமும் வெளிப்பட்டுவிடும்.

பொறுப்பற்றவர் டியூப்பைக் கழற்றுவார், ஒட்டுவார், காற்றடித்துத் தந்துவிடுவார். மறுநாளே காற்று மீண்டும் இறங்கிவிடும். பொறுப்புள்ளவரோ ஓட்டையைக் கண்டதும், அது எதனால் உண்டாயிற்று என்று ஆராய்வார். ஓட்டை டியூப்பின் வெளிப்புறத்தில் இருந்தால், முள்ளோ கண்ணாடித் துண்டோ டயரைத் துளைத்து வந்திருக்கும். ஆகவே டயரின் உட்புறத்தைக் கவனமாகத் தடவி, அங்கே அது இன்னும் குத்திக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பார். ஓட்டை சக்கரத்தின் நடுவை நோக்கிய உட்புறத்தில் இருந்தால், ரிம்மின் மேலுள்ள நாடா விலகியிருக்கலாம். கம்பியின் முனை குத்தியிருக்கலாம். இரண்டு ஓட்டைகள் அருகருகே இருந்தால், காற்றுக் குறைவாக இருந்தபோது வண்டி கல்லிலோ குழியிலோ மோதி, டியூப் ரிம்முக்கும் டயருக்கும் இடையே நசுங்கியது என்று பொருள். அப்போது அவர் நம்மைப் பார்த்து, "தம்பி, காற்றை ஒழுங்காக அடித்துக்கொள்" என்பார்.

ஒட்டுவதிலும் முறை உண்டு. டியூப்பின் மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, பசையைப் பூசி, அது காயும் வரை சற்றுப் பொறுத்து, அதன் பின்னரே ஒட்டுத்துண்டை வைத்து அழுத்த வேண்டும். பசை ஈரமாயிருக்கும்போதே அவசரமாக ஒட்டினால் நிலைக்காது. அந்தச் சில நிமிடங்கள் பொறுத்திருக்கும் கை, மற்ற வேலைகளிலும் பொறுமை காட்டும் என்று நம்பலாம்.

நல்ல கடையின் அடையாளங்கள்

ஒன்று: கடைக்காரர் முதலில் கேட்பார், பின்னரே கருவியை எடுப்பார். "எப்போது சத்தம் வருகிறது? மிதிக்கும்போதா, சும்மா உருளும்போதா?" என்பார். மிதிக்கும்போது மட்டும் வரும் சத்தம் பெரும்பாலும் மிதி, சங்கிலி முதலிய பகுதிகளிலிருந்தும், மிதிக்காமல் உருளும்போதும் தொடரும் சத்தம் பெரும்பாலும் சக்கரத்திலிருந்தும் எழும். கேட்காமலே கழற்றத் தொடங்குபவர், மருந்தை முதலில் கொடுத்துவிட்டு நோயைப் பின்னர்த் தேடும் வைத்தியர் போன்றவர்.

இரண்டு: அவர் தேய்ந்த பொருளைக் காட்டுவார். சங்கிலியை எடுத்துக்கொள்வோம். அதன் ஊசிகளுக்கிடையே உள்ள தூரம் அரை அங்குலம். எனவே 24 கண்ணிகளின் நீளம் சரியாக 12 அங்குலம் இருத்தல் வேண்டும். ஊசிகள் தேயத் தேய இந்நீளம் கூடும். 12 அங்குலத்திற்கு மேல் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடினால் சங்கிலியை மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு கூடும் வரை விட்டுவிட்டால் பற்சக்கரமும் தேய்ந்திருக்கும், செலவு பெருகும். நல்ல கடைக்காரர் அளவுகோலை வைத்து இதைக் காட்டுவார். "நான் சொன்னால் சரி" என்று மட்டும் சொல்பவரிடம், "அளந்து காட்டுங்கள் ஐயா" என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குவதும் நல்ல வழக்கம்.

மூன்று: அளவறிந்து பொருள் கொடுப்பார். "26 அங்குல டயர் வேண்டும்" என்று கேட்டால் மட்டும் போதாது. 26 அங்குலம் என்ற பெயரிலேயே ஒன்றுக்கொன்று பொருந்தாத டயர்கள் உண்டு. மலைவண்டி வகையில் டயர் அமரும் விட்டம் 559 மில்லிமீட்டர். பழைய வகை 26 x 1⅜ டயரில் அது 590 மில்லிமீட்டர். டயரின் பக்கவாட்டில் 50-559 என்றோ 37-590 என்றோ அச்சிட்டிருக்கும். முதல் எண் அகலம்; அடுத்தது விட்டம். இவ்வெண்ணைப் பார்த்த பின்பே அலமாரியில் கைவைப்பவர் தொழில் தெரிந்தவர். மாணவர்களும் தம் வண்டியின் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

நான்கு: இடப்பக்க மிதியின் மரை வழக்கமான மரைக்கு நேர்மாறாகச் சுற்றும். ஓட்டும்போது அது தானாகக் கழன்றுவிடாதிருப்பதற்காக அவ்வாறு செய்திருக்கிறார்கள். இதை அறியாமல் வலிந்து முறுக்குபவரின் கையில், மிதியைத் தாங்கும் தண்டின் மரையே கெட்டுவிடும். கடையில் பணிபுரியும் இளைஞர் இதில் எப்படி நடந்துகொள்கிறார் என்று கவனித்தால், அவருக்கு முதலாளி தொழிலைக் கற்றுக் கொடுத்திருக்கிறாரா என்பது தெரியும்.

ஐந்து: செலவை முன்கூட்டியே சொல்வார். வேலையின் நடுவில் வேறு பழுது தெரிந்தால், நம்மைக் கேட்ட பின்பே மேற்கொண்டு செய்வார்.

ஆறு: "இது வேண்டாம்" என்று சொல்லும் துணிவு அவரிடம் இருக்கும். அடையாளங்கள் அனைத்திலும் இதுவே தலையாயது. பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று போகிறோம். "கட்டை இன்னும் தேயவில்லை, கம்பிதான் தளர்ந்திருக்கிறது, இழுத்துக் கட்டினால் போதும்" என்று சொல்லி, விற்கக் கிடைத்த வாய்ப்பை விட்டுக் கொடுக்கிறார் பாருங்கள், அந்த மனிதர், "கட்டையை மாற்றியே ஆக வேண்டும்" என்று மற்றொரு நாள் சொல்லும்போது நாம் ஐயமின்றி நம்பலாம். வாணிகம் செய்வோர் பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேண வேண்டும் என்ற கருத்தை நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தார் திருவள்ளுவர். அக்கருத்து எண்ணெய் படிந்த ஒரு சிறு கடையிலும் உயிரோடு விளங்கக் காண்கிறோம்.

பிள்ளைகளுக்கு வண்டி வாங்கும்போது

பெற்றோர் பலர் செய்யும் ஒரு பிழையை இங்கே சுட்டுதல் வேண்டும். "வளரும் பிள்ளை, பெரிதாகவே வாங்கிவிடுவோம்" என்று எண்ணுகிறார்கள். சட்டைக்கு அது பொருந்தலாம்; வண்டிக்குப் பொருந்தாது. கால் தரையில் எட்டாத பிள்ளை நிறுத்தத் தெரியாமல் விழும். விரல் பிரேக் பிடியை எட்டாத பிள்ளை நிறுத்தவே முடியாமல் மோதும். வண்டியின் நடுச் சட்டத்தின் மேல் கால்களை அகற்றி நின்றால், இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். இருக்கையில் அமர்ந்து, மிதி கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால், கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தை வைத்து ஓட்டும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். ஆயினும் இப்போதுதான் ஓட்டப் பழகும் சிறு பிள்ளைக்கு, அமர்ந்தபடியே கால் தரையைத் தொடும் வண்ணம் இருக்கையைத் தாழ்த்தி வைக்கலாம்.

நல்ல கடைக்காரர் பிள்ளையை அழைத்து வரச் சொல்வார். ஏறி உட்காரச் சொல்வார். விலை மிகுந்த பெரிய வண்டியைக் காட்டி நாம் கேட்டாலும், "இவனுக்கு அது ஆகாதுங்கள்" என்று சிறியதைக் கொடுப்பார். தலைக்கவசமும் அவ்வாறே. புருவத்திற்கு மேல் இரு விரல் இடைவெளி விட்டு, முன்னும் பின்னும் சாயாமல் அது அமர வேண்டும். வார் மோவாயின் கீழ் இறுகியிருக்க வேண்டும்.

பழைய வண்டி வாங்குவோர் ஒன்றை நினைவிற் கொள்க. வண்டியின் சட்டத்தில், பெரும்பாலும் மிதிகள் இணையும் இடத்திற்கு அடியில், ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெண்ணை இரசீதில் எழுதித் தரும் கடையே நல்ல கடை. வண்டி களவு போனாலும் அவ்வெண் உதவும். எண்ணைச் சுரண்டி அழித்த வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

நம் கடமைகள்

நல்ல கடையைத் தேடும் நாமும் நல்ல வாடிக்கையாளராக இருத்தல் வேண்டும். சேறு அப்பிய வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தாமல், துடைத்துக் கொண்டுபோக வேண்டும். பேசிய கூலியை முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். கைத்திறனுக்கும் விலை உண்டு என்பதை, நாள்தோறும் உடலால் உழைக்கும் நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்?

கடைக்காரர் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருக்கலாம். பழுதைத் தேசிய மொழியில் தெளிவாகச் சொல்லப் பழகுவோம். சங்கிலியை ‘ரந்தாய்’ என்றும், டயரை ‘தாயர்’ என்றும், பஞ்சராவதை ‘பஞ்சிட்’ என்றும் சொன்னால் அவருக்கு விளங்கும். பெற்றோருக்கு மொழி தடையாக இருந்தால், பள்ளியில் கற்ற மொழியால் பிள்ளைகள் துணை நிற்கலாம். கல்வியின் பயன் வீட்டிற்கு வரும் வழிகளில் இதுவும் ஒன்று.

ஏமாற்றப்பட்டால் சண்டையிடத் தேவையில்லை. நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருள் ஏற்கத்தக்க தரத்துடனும், வேலை தக்க கவனத்துடனும் திறமையுடனும் இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. பயனீட்டாளர் வழக்குகளுக்கெனத் தனித் தீர்ப்பாயமும் உண்டு. இரசீது இருந்தால்தான் முறையீடு வலுப்பெறும். ஆதலால் இரசீதைப் பத்திரப்படுத்துவோம்.

இவற்றோடு, வாரம் ஒரு முறை வீட்டிலேயே வண்டியைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். டயரை அழுத்திக் காற்றைப் பார்க்கலாம். பிரேக் பிடியை இழுக்கும்போது அது கைப்பிடியைத் தொடலாகாது. பிரேக் கட்டை ரிம்மைத் தொட வேண்டும், டயரைத் தொடலாகாது. கட்டையிலுள்ள பள்ளங்கள் தேய்ந்து மறைந்தால் மாற்ற வேண்டும். பிரேக் கம்பியில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் அன்றே கடைக்குப் போக வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் மழையில் நனைந்தால் பிடிப்புக் குறையும். மழை மிகுந்த நம் நாட்டில் இதை ஒருபோதும் மறக்கலாகாது.

முடிவுரை

திரெங்கானு மாநிலத்தின் டுங்குனில் பிறந்த அசிசுல்ஹஸ்னி அவாங், 2017-ஆம் ஆண்டில் மிதிவண்டி ஓட்டத்தில் உலக வெற்றியாளர் ஆனார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும், 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வென்று நாட்டிற்குப் பெருமை சேர்த்தார். எத்துணைச் சிறந்த வீரரும் தம் வண்டியைச் சீராக்கிய கைகளை நம்பித்தான் ஓடுகிறார். நம் பிள்ளைகளும் அப்படியே.

ஆகவே மாணவர்களே, உங்கள் பகுதியில் உள்ள கடைகளைப் பாருங்கள். பளபளக்கும் விளக்கையும் விளம்பரப் பலகையையும் விட்டு, வேலை செய்யும் கையைப் பாருங்கள். கேள்விக்குக் கிடைக்கும் விடையைக் கேளுங்கள். நல்லவரைக் கண்டுகொண்டால் அவரை விட்டுவிடாதீர்கள். அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள். அன்று தோட்டத்துப் பிரட்டில் பரவிய நற்பெயர், இன்று அடுக்குமாடியின் படிக்கட்டுகளில் பரவட்டும். நேர்மையானவரின் கடை நிலைக்கும். நம் பிள்ளைகளும் மாலையில் பத்திரமாக வீடு வந்து சேர்வார்கள்.

பயிற்சி

1. டியூப்பில் இரண்டு ஓட்டைகள் அருகருகே இருந்தால் காரணம் என்ன?
2. உங்கள் வண்டியின் டயரில் அச்சிட்டுள்ள அளவு எண்ணைப் பார்த்து எழுதுக. எது அகலம், எது விட்டம்?
3. இடப்பக்க மிதியின் மரை ஏன் மாறாகச் சுற்றுகிறது?
4. உங்கள் பகுதியிலுள்ள ஒரு மிதிவண்டிக் கடைக்குப் பெற்றோருடன் சென்று, அங்கே கண்ட நல்ல அடையாளங்களைப் பத்து வாக்கியங்களில் எழுதுக.